அலுவலகக் கணனியில் தமிழ்: தட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா?

ராகலை, கந்தப்பளை, வலப்பனை என்று எமது பகுதியில் கணனி வகுப்புக்குப் போகாத இளைஞர், யுவதிகள் இன்று குறைவு. சாதாரண தரப் பரீட்சை முடிந்தவுடன் பெற்றோர் முதலில் தேடுவது கணனி வகுப்பைத்தான். சில மாதங்களில் சான்றிதழும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தச் சான்றிதழோடு ஓர் அலுவலகத்தில் போய் அமரும் பிள்ளையிடம், "இந்தக் கடிதத்தைத் தமிழில் அடித்துத் தாருங்கள்" என்று சொன்னால் என்ன நடக்கிறது? கணனி வகுப்பு நடத்துபவன் என்ற வகையில் இதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் நிர்வாகத்தில் தமிழுக்குரிய இடத்தை விரிவாகச் சொன்னது. வலப்பனை உட்பட நுவரெலியா மாவட்டப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவைக்குச் சேர்ந்தவர்கள் மற்றைய அரச கரும மொழியையும் கற்க வேண்டும் என்ற சுற்றறிக்கையும் இருக்கிறது. சட்டத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஓர் அலுவலகத்தில் தமிழ் அடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் லீவு என்றால், கடிதம் சிங்களத்தில் போய்விடும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தோட்டத்துத் தாய் கொமினிகேஷன் கடைக்கு வந்து, "இதில என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க தம்பி" என்று கேட்கிறார். உரிமை அந்த இடத்தில், ஒரு விசைப்பலகைக்கு முன்னால் நின்றுபோகிறது.

முதல் சிக்கல் எழுத்துரு. எமது நாட்டில் தமிழ் தட்டச்சு என்றாலே பலருக்கு பாமினிதான். பழைய தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்களுக்கு அது கைக்கு இலகுவாக வந்தது. கடைகள், அச்சகங்கள், பாடசாலைகள், பள்ளிவாசல்கள் எல்லாமே அதற்குப் பழகிவிட்டன. ஆனால் பாமினியில் அடித்தது உண்மையில் தமிழே அல்ல. நீங்கள் "அம்மா" என்று அடிக்கும்போது கணனி சேமித்து வைப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச். அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேலே பாமினி ஒரு தமிழ்ச் சட்டையைப் போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத கணனியில் அதே கோவையைத் திறந்தால் சட்டை கழன்று ஆங்கிலக் கிறுக்கல் தெரியும். கொழும்புக்கு மின்னஞ்சலில் அனுப்பிய கடிதம் "ஒண்ணும் விளங்கவில்லை" என்று திரும்பி வருவது இதனால்தான்.

யுனிகோட் வேறு. அதில் தமிழ் எழுத்துக்கு அதற்கே உரிய எண் உண்டு. 1991இல் வெளிவந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. வின்டோஸில் லதா எழுத்துரு 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வந்தது, இப்போதைய பதிப்புகளில் நிர்மலா இருக்கிறது. ஆகவே புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. விசைப்பலகைக்கு எமது நாட்டின் தரமே இருக்கிறது: எஸ்.எல்.எஸ். 1326இல் உள்ள ரெங்கநாதன் ஒழுங்கு. தமிழ்நாட்டில் 1999இல் அறிமுகமான தமிழ்99ஐ விரும்புபவர்கள் அதைப் பழகலாம். ஒலி முறையில் அடிக்க விரும்புபவர்களுக்கு வின்டோஸ் 10இலேயே அந்த வசதி உண்டு. எது சிறந்தது என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. மூன்றில் எதில் அடித்தாலும் சேமிக்கப்படுவது ஒரே தமிழ்தான். கையடக்கத் தொலைபேசியில் வட்ஸ்அப் செய்தி தமிழில் எழுதும் பிள்ளைக்கு யுனிகோட் ஏற்கெனவே தெரியும். அது தனக்குத் தெரியும் என்பதுதான் அவனுக்குத் தெரியாது!

பழைய பாமினிக் கோவைகளை என்ன செய்வது? சுரதாவின் எழுத்துருமாற்றி போன்றவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓர் எச்சரிக்கை மட்டும். கடிதத்தில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் சேர்ந்து மாறி, பொருளற்ற தமிழாகிவிடும். ஆங்கில வரியிலுள்ள காற்புள்ளி கூட "இ" ஆகிவிடும், ஏனெனில் பாமினியில் "இ" இருப்பது அந்த விசையில்தான். ஆகவே தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவு செய்து மாற்ற வேண்டும். சிங்களத்தில் எஃப்.எம். அபயாவில் அடித்த கடிதங்களுக்கும் இதே கதைதான். இருமொழி அலுவலகத்தில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் எமது சமூகத்தைத் தனியாகத் தொடும் விடயம் ஒன்று உண்டு. அது பெயர்கள். முஹம்மது, முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று ஒரே பெயரை நான்கு விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாடசாலைப் பதிவில் இன்னொன்று, அடையாள அட்டையில் வேறொன்று. மனிதன் வாசித்தால் ஒரே ஆள் என்று விளங்கிக்கொள்வான். கணனி அப்படி அல்ல. அதற்கு ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள். கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு. "மௌலவி" என்ற சொல்லை எடுங்கள். முறையாக அடித்தால் "மௌ" என்பது ஓர் எழுத்து. பலர் கொம்பு போட்டு, ம எழுதி, பக்கத்தில் "ள" அடிக்கிறார்கள். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பௌஸியா, தௌபீக், ஸௌதா என்ற பெயர்கள் பட்டியலில் இருந்தும் "இல்லை" என்று வருவதற்கு இது ஒரு காரணம். பெயர் அடிக்கும்போது கையில் இருக்கும் ஆவணத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடிக்க வேண்டும். "எனக்குத் தெரிந்த பெயர்தானே" என்று அடிப்பவரால் ஒரு குடும்பம் சத்தியக் கடதாசி முடிக்க அலைய வேண்டி வரும்.

இனி வேர்ட் மென்பொருளுக்கு வருவோம். தமிழின் அளவை மாற்றினாலும் மாறவில்லை, தடித்த எழுத்து வரவில்லை என்று சிலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். வேர்ட், தமிழைச் சிக்கலான எழுத்து முறைகளில் ஒன்றாகக் கணக்கெடுத்து, அதன் எழுத்துருவையும் அளவையும் தனியாக வைத்திருக்கிறது. கன்ட்ரோலும் டியும் அழுத்தினால் வரும் பெட்டியில், கீழே "கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்றிருக்கும் பகுதியில் மாற்ற வேண்டும். அந்தப் பகுதி தெரியாவிட்டால், ஒஃபிஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டுப் பாருங்கள்.

திகதியை வலப்பக்கம் கொண்டுபோக இடைவெளி விசையை நாற்பது தடவை தட்டுவது, அடுத்த பக்கம் போக என்டரை இருபது தடவை தட்டுவது ஆகிய இரண்டையும் நான் வகுப்பில் முதல் நாளே நிறுத்திவிடுவேன். முதலாவதற்கு டெப் விசையும் மேலே உள்ள அளவுகோலும் இருக்கின்றன. இரண்டாவதற்கு கன்ட்ரோலும் என்டரும் போதும். இல்லாவிட்டால் ஒரு வரி கூட்டினால் முழுக் கடிதமும் இடம் பெயர்ந்துவிடும். பெயர்ப்பட்டியலை அட்டவணையில் போடுங்கள், தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் தானாக வரச் செய்யும் வசதி இருக்கிறது. வெளியே அனுப்பும் எதையும் பி.டி.எப். ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும், உடையாது.

ஜனாஸா சங்கத்துக்குச் சந்தா நினைவூட்டல், பாடசாலைப் பெற்றோருக்கு அழைப்பு என்று முந்நூறு கடிதங்களை ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி அடிக்கும் செயலாளர்களைக் கண்டிருக்கிறேன். மெயில் மேர்ஜ் என்ற வசதி இதற்கென்றே உள்ளது. எக்செலில் பெயர், விலாசம், தொகை என்று நிரலாக வைத்துவிட்டால் முந்நூறு கடிதமும் சில நிமிடங்களில் வந்துவிடும். திகதியில்தான் கவனம் தேவை. எக்செலில் நாள் முதலில் இருந்தாலும் வேர்டுக்கு வரும்போது அமெரிக்க முறையில் மாதம் முதலில் வந்துவிடலாம். ஜூன் 5 என்பது மே 6 ஆகிவிட்டால் கூட்டத்துக்கு யார் வருவார்? எக்செலில் திகதியை எழுத்தாகவே, "2025 ஜூன் 5" என்று அடித்துவிடுவது பாதுகாப்பானது.

பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. என்.வி.கியூ. தரம் உள்ள பாடநெறியா என்று கேளுங்கள், அது அரச அங்கீகாரம் பெற்ற முறை. அத்துடன் நிறுத்திவிடாமல், "தமிழில், யுனிகோடில் கடிதம் அடிக்கப் பழக்குவீர்களா?" என்றும் கேளுங்கள். பல வகுப்புகளில் பயிற்சி முழுவதும் ஆங்கில மாதிரிக் கடிதங்களிலேயே முடிந்துவிடுகிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ராகலையில் ஓர் அலுவலகத்தில் அமரப்போகும் பிள்ளைக்கு முதல் நாளே வரப்போவது ஒரு தோட்டத் தொழிலாளியின் கையெழுத்து விண்ணப்பம். அதைப் பார்த்து, பெயர் பிழையில்லாமல், ஒரே பக்கத்தில் அடித்து, பி.டி.எப். ஆக்கி அனுப்பும் பயிற்சியை வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைப் பிந்தங்கியவர்கள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இருபது வருடம் பாமினியில் வேகமாக அடித்த ஒருவரிடம் திடீரென்று விசைகளை மாற்றச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். தட்டச்சு முறையில் பழகியவருக்கு ரெங்கநாதன் ஒழுங்கு அதிகம் அந்நியமாகத் தெரியாது. தினமும் அரை மணித்தியாலம், புதிய கடிதங்களை மட்டும் அதில் அடித்து வரலாம். மென்பொருள் வாங்கப் பணமில்லாத பள்ளிவாசல் நிர்வாகங்கள் லிப்ரே ஒஃபிஸை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பழைய கணனியிலும் ஓடும். முதல் வேலையாக மஹல்லாப் பதிவேட்டை எடுங்கள். பெயர்களை ஆவணத்தோடு ஒப்பிட்டு யுனிகோடில் ஏற்றுங்கள். நடுத்தர அளவுள்ள ஒரு மஹல்லாவுக்கு இரண்டு பிள்ளைகளும் ஒரு பாடசாலை விடுமுறையும் போதும்.