'வில்' என்பதா, 'வுட்' என்பதா?

வேலை கேட்டு எழுதியிருந்தீர்கள். பதில் வருகிறது. ஆங்கிலத்தில் ஒரே வரி. "இஃப் வீ கெட் தி ஆர்டர், வீ வில் டேக் யூ." இதே வரி இப்படியும் வரலாம்: "இஃப் வீ காட் தி ஆர்டர், வீ வுட் டேக் யூ."

இரண்டையும் தமிழில் சொன்னால் ஒன்றுதான். "ஆர்டர் கிடைத்தால் உங்களை எடுத்துக்கொள்வோம்." ஆனால் பொருள் ஒன்றல்ல. முதல் வரியில் நம்பிக்கை இருக்கிறது. ஆர்டர் கிடைக்கலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இரண்டாவது வரி வந்தால் வேறு இடத்திலும் வேலை தேடுங்கள். ஆர்டர் கிடைக்கும் என்று அவர்களே நினைக்கவில்லை.

'இஃப்' என்றால் நம் 'ஆல்'. வந்தால், போனால், கிடைத்தால். "நாளை மழை பெய்தால் நாற்று நடுவோம்" என்கிறோம். "எனக்குச் சிறகு முளைத்தால் டெல்லிக்குப் பறப்பேன்" என்றும் சொல்கிறோம். மழை பெய்யலாம். சிறகு முளைக்காது. இருந்தாலும் சொல் மாறுவதில்லை. கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் சொல்லையே மாற்ற வேண்டும்.

நடக்கலாம் என்று நினைத்தால் இப்படி: "இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, ஐ வில் ஸ்டே அட் ஹோம்." நாளை மழை பெய்தால் வீட்டில் இருப்பேன். 'வில்' பின்பாதியில் மட்டும் வருகிறது. நம்மில் பலர் "இஃப் இட் வில் ரெயின்" என்கிறோம். அது சரியல்ல.

வெறும் நினைப்பு என்றால் இப்படி: "இஃப் ஐ ஃபவுண்ட் கோல்ட் டுமாரோ, ஐ வுட் பை லேண்ட்." நாளை தங்கம் கிடைத்தால் நிலம் வாங்குவேன். 'ஃபவுண்ட்' என்பது நடந்து முடிந்ததைச் சொல்லும் சொல். 'டுமாரோ' என்றால் நாளை. இரண்டும் எப்படிச் சேரும்? படித்தவர்களும் குழம்பும் இடம் இது.

'வந்தான்', 'வந்தால்' என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 'வந்தான்' என்றால் வந்தாயிற்று. 'வந்தால்' என்றால் இன்னும் வரவில்லை. ஆனாலும் இரண்டிலும் அதே 'வந்த்' இருக்கிறது. நம் மொழியே இதைச் செய்கிறது! ஆங்கிலத்தின் 'ஃபவுண்ட்' இங்கே நேற்றைச் சொல்லவில்லை. "இது நடப்பது அரிது" என்று சொல்கிறது. இன்னும் அரிது என்று காட்ட "இஃப் ஐ வேர் டு ஃபைண்ட்" என்பதும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. நாளை நீங்கள் ஊருக்குப் போகிறீர்கள். நண்பர் இன்றே வந்துவிட்டார். அவரிடம் என்ன சொல்வீர்கள்? "நல்லவேளை, நாளை வந்திருந்தால் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள்." நாளை இன்னும் விடியவில்லை. ஆனால் அவர் நாளை வரும் பேச்சு முடிந்துவிட்டது. அதனால் 'வந்திருந்தால்' என்கிறோம். ஆங்கிலமும் அதேபோல்தான்: "இஃப் யூ ஹாட் கம் டுமாரோ, யூ வுட் நாட் ஹாவ் ஸீன் மீ." தமிழ் தெரிந்தவருக்கு இது கடினமே இல்லை.

'வுட்' கண்ட இடமெல்லாம் பயப்பட வேண்டாம். "இட் வுட் பீ குட் இஃப் யூ கேம் ஆன் மண்டே" என்று ஓர் அலுவலகம் எழுதினால், அது மரியாதைப் பேச்சு. திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள். கட்டாயம் போங்கள்.

நீங்களே கடிதம் எழுதும்போது? "இஃப் யூ கிவ் மீ தி ஜாப், ஐ வில் கம் ஃப்ரம் மண்டே" என்று எழுதுங்கள். 'கேவ்', 'வுட்' என்று எழுதினால், வேலை கிடைக்கும் என்று உங்களுக்கே நம்பிக்கை இல்லாததுபோல் தெரியும்.