குயில்குடி மலையடியும் கியோத்தோ குதிரையும்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக மதுரையை அடுத்த கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் பைக்குகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் தாமரைக்குளம், இன்னொரு பக்கம் அய்யனார் கோயில், பின்னால் மொட்டைப் பாறையாய்ச் சமணர் மலை. கால்வலிக்கு நடப்பவர்கள், கேமரா தூக்கி வருபவர்கள், புளியோதரைப் பொட்டலத்தோடு வரும் நண்பர் கூட்டம் என்று எல்லாருக்கும் இடமிருக்கிறது.

இப்படிப் போய் வருவதற்கு ஜப்பான் வனத்துறை 1982இல் ஒரு பெயர் வைத்தது. ஷின்ரின் யோகு, அதாவது காட்டுக் குளியல். தண்ணீரில்லாத குளியல் இது. மரங்களுக்கு நடுவே அவசரமில்லாமல் நடந்து, மூச்சை இழுத்துவிட்டு, சும்மா இருப்பதுதான் முறை. நாகனோ பகுதியின் அகசாவா காட்டில், ஓங்கி வளர்ந்த ஹினோகி மரங்களுக்கடியில் தொடங்கிய வழக்கம். குயில்குடியில் ஹினோகிக்கு எங்கே போவது? எட்டு மணிக்கு மேல் பாறை காலைச் சுடும். ஆலமர நிழல் ஒன்றுதான் இங்கே காடு.

ஆனால் அகசாவாவில் கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது. சில படிகள் ஏறினால் செட்டிப்புடவு. குகைக்கு வெளியே பெரிதாய் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊர்க்காரர்கள் 'செட்டியார்' ஆக்கிவிட்டார்கள். உள்ளே குனிந்து நுழைந்து அண்ணாந்து பார்த்தால் வரிசையாய்ப் புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில், சிங்கத்தின் மேலிருக்கும் பெண் யானை மேல் வரும் வீரனை எதிர்க்கிறாள். ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்தச் சிங்கத்தின் வேகம் குறையவில்லை. கீழே வட்டெழுத்து. இன்னொரு பக்கம் மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனையும், வரிசையாக எட்டுத் திருமேனிகளும்.

இவற்றை நாலு பேரோடு நடந்து பார்க்கும் பழக்கத்தை மதுரைக்காரர்களிடம் பரப்பியது, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் 'பசுமை நடை'. 2010இல் தொடங்கிய இந்த அமைப்பு, 2013இல் விருட்சத் திருவிழா கொண்டாடியது இந்த ஆலமரத்தடியில்தான்.

கல்லெழுத்தில் ஜப்பானியர் ஒருவருக்கும் பங்குண்டு. நொபொரு கராஷிமா சோழர் கல்வெட்டுகளைப் படிப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர். எ. சுப்பராயலு, தொரு மத்சுயி ஆகியோருடன் அவர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978இல் வெளியானது. வெளியிட்டது டோக்கியோ அல்ல, மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை!

மலையிறங்கி அய்யனார் கோயில் குதிரைகளின் முன் நின்றால் கதை இன்னும் சுவாரஸ்யமாகிறது. மதுரைப் பக்கத்தில் புரவி எடுப்பு என்றால் வேளார் மண் குழைத்து, சுட்டு, வண்ணம் பூசிய குதிரைகளை ஊரே தோளில் சுமந்து போகும். மழை பெய்யணும், விளையணும் என்பதுதான் வேண்டுதல். ஜப்பானில் முற்காலத்தில் உயிருள்ள குதிரையையே கோயிலுக்கு விட்டார்கள். கியோத்தோவின் கிபுனே கோயிலில் மழை வேண்டுமானால் கறுப்புக் குதிரை, மழை ஓய வேண்டுமானால் வெள்ளைக் குதிரை. குதிரை வாங்க எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? மண்ணிலும் மரத்திலும் செய்தார்கள். பிறகு பலகையில் வரைந்தார்கள். அந்தப் பலகைக்குப் பெயர் 'எமா'. இன்று பரீட்சை, கல்யாணம், வேலை என்று வேண்டுதலை எழுதிக் கோயிலில் தொங்கவிடுகிறார்கள்.

'எ' என்றால் படம், 'மா' என்றால் குதிரை. பழந்தமிழிலும் 'மா' குதிரைதான்! உடனே உறவு கொண்டாடத் தோன்றும். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ பல்லாண்டு வாதாடினார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இந்த 'மா' சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போனதாகவே சொல்கிறார்கள். சொல் ஒத்தது தற்செயலாகவே இருக்கட்டும். குதிரை கொடுத்து மழை கேட்ட மனசு இரண்டு ஊரிலும் ஒன்றுதானே?

மரத்தடியில் பொட்டலம் பிரிப்பதும் அப்படித்தான். அங்கே செர்ரி பூக்கும் நாட்களில் நண்பர்கள் பாய் விரித்துக் கூடிச் சாப்பிடுவது ஹனாமி. இங்கே ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் சித்ரான்னம். ஒரு வித்தியாசம், அவர்கள் குப்பையைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். புளியோதரை இலையை ஆடு தின்றுவிடும். தண்ணீர் பாட்டிலைத் தின்னாது. குயில்குடிக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் மலையிறங்கிவிடுங்கள், பாட்டிலையும் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள்.