அச்சையும் சேர்த்து அனுப்புங்கள்

மலேசியாவின் சுங்கை வே வட்டாரத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் பிறந்ததும் அடுப்பில் எண்ணெய் காயத் தொடங்கிவிடும். ரப்பர் தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் வேலைக்கு வந்த முன்னோர், பெட்டியோடு கொண்டுவந்த பண்டிகை கிறிஸ்துமஸ். புடுவில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென புனித அந்தோணியார் ஆலயம் 1910-இல் எழுந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வேர்விட்ட லுத்தரன் சபையின் பிள்ளைகளுக்கு பிரிக்பீல்ட்ஸில் சீயோன் ஆலயம். 2010 கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 6 விழுக்காடுதான். இத்தனை சிறிய கூட்டம் பண்டிகையை இன்றுவரை காப்பாற்றி வந்ததில் ஆலயத்துக்கு இருக்கும் பங்கு அடுப்படிக்கும் உண்டு.

அச்சு முறுக்கையே பாருங்கள். அரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, கலவை எளிதுதான். அச்சை எண்ணெயிலேயே சுடவைத்து, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் முறுக்கு அச்சை விட்டு இறங்காது. மறுபடி எண்ணெயில் விட்டு லேசாக உதறினால் பூப்போலக் கழன்று விழும். எந்த நொடியில் உதறுவது என்று எழுதிக் கொடுக்க முடியாது. அம்மா பக்கத்தில் நின்று பழகிய கைக்குத்தான் அது தெரியும்.

பண்டிகையில் தன் வழக்கங்கள் சிலவற்றையும் இந்த ஊர் சேர்த்துவிட்டது. திறந்த இல்ல உபசரிப்புக்கு ஹலால் கடையில்தான் ஆட்டிறைச்சி வாங்குவோம்; பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பமும் மனங்குளிரச் சாப்பிட வேண்டுமே. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு கொடுத்த வீட்டுக்கு நம் தட்டு திரும்பிப் போகும். அங்கே யாராவது சைவம் என்றால் முட்டை சேராத பலகாரம் தனியாக. எனக்கு இதுதான் நம் கிறிஸ்துமஸின் மிக அழகான பகுதி.

கேரல் பாட வரும் இளையவர்களில் சிலர் தமிழ்க் கீர்த்தனைகளை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. நான் பிள்ளைகள் பக்கம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழிவந்த கீர்த்தனை மரபு அவர்கள் வாயில் ஒலிக்கிறதே, அது போதும். எழுத்தைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். பாடாமல் விட்ட ராகத்தை யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது நம் பிள்ளைகள் மெல்பர்னிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் குடும்பம் நடத்துகிறார்கள். டிசம்பரில் டின் டின்னாகப் பலகாரம் அனுப்புகிறோம். அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். பலகாரத்தோடு அச்சையும் அனுப்பி, அவர்களுக்கு வேலையைக் கொடுங்கள். கைப்பேசியில் முகம் பார்த்தபடி இருவீட்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எரியட்டும். முதல் ஈடு கருகினால் கருகட்டும், இரண்டாம் ஈட்டுக்கு நாம் இருக்கிறோம். அங்குள்ள அண்டை வீட்டாருக்கும் ஒரு தட்டு கொடுக்கச் சொல்லுங்கள்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அச்சு கிடைக்கும். புதிய இரும்பு அச்சில் மாவு ஒட்டிக்கொள்ளும். ஓரிரு நாள் எண்ணெயில் ஊறப்போட்டுப் பழக்க வேண்டும். ஆகவே நவம்பரிலேயே வாங்கி அனுப்பிவிடுங்கள்.