கீழ்நோக்கு நாளுக்கு ஈரம் காத்திருக்குமா?

ஆடி பிறந்தால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மானாவாரி மணிலா பயிரிடுவோர் வானத்தைப் பார்ப்பார்கள். கூடவே பஞ்சாங்கத்தையும் பார்ப்பார்கள். நல்ல மழை பெய்த பிறகும், நாள் சரியில்லை என்று விதைப்பைத் தள்ளிப் போடுவோர் உண்டு. இதனால் ஏற்படும் இழப்பை விவசாயிகள் அறிந்து கொள்வது நல்லது.

நாள் குறிக்கும் முறை

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்தும் சேர்ந்ததே பஞ்சாங்கம். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் கடக்கச் சுமார் 27 நாட்கள் ஆகும். எனவே ஒரு நட்சத்திரத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள். இவற்றில் 9 மேல்நோக்கு, 9 கீழ்நோக்கு, 9 சமநோக்கு. மண்ணுக்குள் விளையும் மணிலா, கிழங்கு போன்றவற்றைக் கீழ்நோக்கு நாளில் விதைப்பது வழக்கம்.

தமிழ் மாதமோ சூரியனைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஆடி ஆண்டுதோறும் ஜூலை 17-ஐ ஒட்டியே பிறக்கும். பருவங்கள் மாறுவதும் சூரியனால்தான். ஆகவே 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி இன்றும் பொருந்தும். ஆனால் மழை நட்சத்திரம் பார்த்துப் பெய்வதில்லை.

காத்திருந்தால் இழப்பு

கார்த்திகை நட்சத்திரம் கீழ்நோக்கு. அது கழிந்து ரோகிணியன்று மழை பெய்தால், அடுத்த கீழ்நோக்கு நாளான ஆயில்யம் வர ஐந்து நாள் ஆகும். மணற்பாங்கான செம்மண்ணில், ஆடிக் காற்றில், மேல்மண் ஈரம் அதுவரை நிற்பது அரிது. ஈரம் குறைந்தால் விதை விட்டுவிட்டு முளைக்கும். வயலில் சந்து விழும்.

அடுத்த மழைக்குக் காத்திருந்தால் அறுவடையும் தள்ளிப் போகும். ஆடி முதல் வாரம் விதைத்த 105 நாள் ரகமே ஐப்பசி நடுவில்தான் பறிப்புக்கு வரும். மேலும் தாமதித்தால் வடகிழக்குப் பருவமழையின் கடும் மழையில் சிக்கும். கொத்து ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் இல்லாததால், முற்றிய காய் மண்ணிலேயே முளைத்து விடும்.

என்ன செய்யலாம்?

நாள் பார்க்க விரும்புவோர் விதை பொறுக்கும் வேலையை ராகு காலம் தவிர்த்து, நல்ல நாளில் முன்கூட்டியே தொடங்கலாம். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு தேவை. விதைக்கும்போது கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் வேரழுகல் குறையும்.

மழை பெய்தபின், மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர வேண்டும். அதுவே விதைப்புப் பதம். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி விட்டு உடனே விதைக்க வேண்டும்.

விதைத்த தேதியை நாட்காட்டியில் குறித்துக் கொள்ள வேண்டும். அதிலிருந்து 40 முதல் 45 நாட்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கையில், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் காய் பொக்காகாமல் திரட்சியாகும். பறிக்கும் முன் சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான காய்களில் ஓட்டின் உட்புறம் கருத்திருந்தால் அதுவே பறிக்க ஏற்ற தருணம்.

ரகங்களைப் பற்றித் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம். பட்டத்தைப் பஞ்சாங்கம் சொல்லட்டும்; விதைக்கும் நாளை மண்ணின் ஈரம் சொல்லட்டும்.