வாயுக்கடலில் நட்சத்திரப் பஞ்சம்

ஹைட்ரஜன் குவிந்து கிடந்தும் சில கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் அதிகம் பிறப்பதில்லை. ஏன்?

நட்சத்திரங்களுக்கு ஹைட்ரஜன் வாயுதான் கச்சாப்பொருள். சரக்கு அதிகமிருந்தால் உற்பத்தியும் அதிகமிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். என்ஜிசி 3741 என்ற குட்டி கேலக்ஸி இந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது.

சப்தரிஷி மண்டலத் திசையில் சுமார் 1 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது இது. புனே அருகே, 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்களைக் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இதை ஆராய்ந்தது. 2005ல் வெளியான முடிவு: ஒளிரும் பகுதியைப்போல 8 மடங்கு தூரத்துக்கு வாயு பரவிக் கிடக்கிறது. எடையில் நட்சத்திரங்களை வாயு மிஞ்சுகிறது.

அதே மண்டலத் திசையில், 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில், நேர்மாறான காட்சி. எம் 82 கேலக்ஸி நமது பால்வெளியைவிடச் சிறியது. பால்வெளியில் ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களின் எடைக்கு நட்சத்திரங்கள் உருவாகின்றன. எம் 82ல் சுமார் 10 சூரியன்களின் எடைக்கு. பக்கத்து கேலக்ஸியான எம் 81ன் ஈர்ப்பு, வாயுவை மையத்தை நோக்கித் தள்ளி நெருக்கியதே காரணம்.

ஆக, முக்கியம் அளவல்ல, அடர்த்தி. 1959ல் மார்ட்டன் ஷ்மிட் இதைச் சுட்டிக்காட்டினார். 1998ல் ராபர்ட் கென்னிகட் கணக்கிட்டார்: அடர்த்தி இரட்டிப்பானால் பிறப்பு விகிதம் சுமார் 2.6 மடங்காகிறது. அடர்ந்து குளிர்ந்த வாயுவில் ஹைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து மூலக்கூறுகளாகின்றன. அந்த மேகங்கள்தான் நட்சத்திரங்களின் பிரசவ அறை.

குளிர்ந்த மூலக்கூறு ஹைட்ரஜனை நேரடியாகப் பார்ப்பது கடினம். அதனுடன் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு வெளியிடும் ரேடியோ அலைகள்தான் துப்பு. சிலி நாட்டின் ஆல்மா தொலைநோக்கி இந்த வழியில் அருகிலுள்ள 90 கேலக்ஸிகளைப் படமெடுத்தது. 2021ல் வெளியான இந்த ஆய்வுகளின்படி, இப்போதைய வேகத்தில் செலவழித்தால் மூலக்கூறு வாயு சுமார் 200 கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும்.

ஆனால் பால்வெளியின் வயதோ 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அப்படியென்றால் வெளியிலிருந்து புது வாயு வந்துகொண்டே இருக்கவேண்டும். வரத்து குறைந்தால்? 2020ல் ஜிஎம்ஆர்டி அதற்கும் சாட்சி சொன்னது. 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய 7,653 கேலக்ஸிகளின் சிக்னல்களை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், அவற்றின் கையிருப்பு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே தாங்கும் என்று தெரிந்தது. வரவு செலவுக்கு ஈடுகொடுக்கவில்லை. பிரபஞ்சத்தில் இன்று நட்சத்திரப் பிறப்பு, உச்சத்தில் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

சூரியனுக்கு இதனால் ஆபத்தில்லை. அது 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தன் பங்கை வாங்கிக்கொண்டுவிட்டது. கவலையெல்லாம் இனிப் பிறக்கவேண்டிய சூரியன்களுக்குத்தான்.