வீட்டோடு மலை ஏறலாமா?

நாலு சக்கரத்தின் மேல் ஒரு வீடு!

உள்ளே கட்டில் உண்டு. அடுப்பு உண்டு. தண்ணீர்த் தொட்டி உண்டு. சில வண்டிகளில் குளிக்கும் அறைகூட உண்டு. ராத்திரி எங்கே தங்குவது என்ற கவலை இல்லை. பாட்டிக்கு முதுகு வலித்தால் அங்கேயே படுத்துக்கொள்ளலாம். குழந்தை அழுதால் அங்கேயே பால் காய்ச்சலாம்.

இதற்குப் பெயர் "கேரவன்". சினிமா படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர், நடிகைகள் ஓய்வு எடுப்பதற்காக நிற்கும் வண்டியைப் பலர் பார்த்திருப்பார்கள். அதைப் போன்ற வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றும் பழக்கம், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெடுநாளாக இருக்கிறது. நம் நாட்டிலும் அது பரவி வருகிறது. பக்கத்து மாநிலமான கேரளம், 2021-ம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது.

திண்டுக்கல் சமவெளியில் நின்று மேற்கே பார்த்தால், நீல நிறத்தில் ஒரு சுவர் தெரியும். அதுதான் பழனி மலைத்தொடர். அதன் உச்சியில், சுமார் 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது.

அந்த ஓடும் வீட்டை அப்படியே கொடைக்கானலுக்கு ஓட்டிப் போகலாமா?

வண்டிக்குப் பலம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ரோட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டோலியில் போனார்கள்

கொடைக்கானலில் முதல் பங்களாக்களை 1845-ம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரியார்கள் கட்டினார்கள். அப்போது மலைக்கு வண்டிப் பாதையே கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று மேலே போயிற்று. சிலர் குதிரையில் போனார்கள். சிலரை டோலியில் வைத்துக் கூலியாட்கள் தூக்கிப் போனார்கள். மூட்டை முடிச்சுகள் தலைச்சுமையாகப் போயின.

ரயில் வந்த பிறகு, அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அதைத்தான் இன்று "கொடைக்கானல் ரோடு" என்கிறோம். அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்குமேல் பழைய டோலிதான்!

பின்னால், மேஜர் லா என்ற வெள்ளைக்கார அதிகாரி மலையை அளந்து பாதை வகுத்தார். வத்தலக்குண்டு வழியாகப் போகும் மலைச்சாலை அதுவே. "லா மலைப்பாதை" என்றே அதற்குப் பெயர் வந்தது. வேலை தொடங்கி, நின்று, மறுபடியும் தொடங்கிப் பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 1916-ம் ஆண்டில் பொதுமக்களின் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது.

அந்தக் காலத்தில் ரோட்டில் ஓடியவை என்ன? மாட்டு வண்டி, குதிரை வண்டி, சிறிய மோட்டார் கார். அவற்றுக்காக வெட்டிய பாதை அது. பிறகு எத்தனையோ முறை செப்பனிட்டார்கள், அகலப்படுத்தினார்கள். ஆனாலும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இந்த இரண்டையும் யாராலும் மாற்ற முடியாது.

இன்று அந்தப் பாதையில் பஸ் போகிறது. லாரி போகிறது. ஆயிரக்கணக்கான கார்கள் போகின்றன. அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் வரை சுமார் 50 கிலோமீட்டர். வழியில் டம்டம் பாறை வரும். அங்கிருந்து பார்த்தால், எதிர் மலையில் தலையாறு அருவி வெள்ளி நூல்போல் தொங்கும். இன்னும் மேலே போனால் ஊத்து, பெருமாள்மலை. ஊரை நெருங்கும்போது, ரோட்டோரத்திலேயே வெள்ளி நீர்வீழ்ச்சி கொட்டும்.

கண்ணுக்கு விருந்துதான்! ஆனால் டிரைவரின் கண் ரோட்டை விட்டு அகலக்கூடாது.

வளைவில் என்ன நடக்கிறது?

பெண்கள் கூந்தலில் செருகும் கொண்டை ஊசியைப் பாருங்கள். போன கம்பி அப்படியே வளைந்து திரும்பி வருகிறது. மலைச்சாலையிலும் ரோடு அப்படித் திரும்பும். அதனால்தான் "கொண்டை ஊசி வளைவு" என்று பெயர்.

இந்த வளைவில் சிறிய கார் சுலபமாகத் திரும்பிவிடும். நீளமான வண்டி ஏன் திணறுகிறது?

முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. அது உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிப் போகும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தூரம் கூடக்கூட, இந்த வெட்டும் கூடும். டிரைவர் சும்மா திருப்பினால், பின் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிவிடும்; அல்லது பாறையில் உரசும். அதைத் தவிர்க்க, அவர் எதிர்ப்பக்கம் வரை போய்த் திரும்ப வேண்டும். அதாவது, ரோடு முழுவதும் அவருக்கு வேண்டும்!

இன்னொரு தொல்லையும் உண்டு. கரும்பு ஏற்றிய வண்டி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு மறுபக்கம் வீசும். நீளமான வண்டியின் வாலும் அப்படித்தான். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் கதி என்ன?

பாதி திரும்பிய வண்டி நடுவில் மாட்டிக்கொண்டால், முன்னால் போக முடியாது. பின்னால் வர முடியாது. மேலே ஒரு வரிசை நிற்கும். கீழே ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசையில் உல்லாசப் பயணிகள் மட்டுமா நிற்பார்கள்? கேரட்டும் மலைப்பூண்டும் ஏற்றிய லாரி நிற்கும். வேலை முடிந்து ஊர் திரும்பும் கூலியாட்களின் பஸ் நிற்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சமவெளிக்கு வரும் ஆம்புலன்சும் நிற்கும்!

மலையில் மாற்று வழி பக்கத்துத் தெருவில் இல்லை. பழனி வழியாக இன்னொரு மலைச்சாலை உண்டு. ஆனால் அது மலையின் மறுபக்கம் இறங்குகிறது. பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்கும் பாதை ஒன்றும் உண்டு. அது இன்னும் குறுகியது.

ஆகவே, ஒருவர் தம் வசதிக்காக ஏற்றிய வண்டி, ஊர் முழுவதையும் அடைத்துவிடும்.

12 மீட்டர் எல்லை

இந்தக் காரணத்தால்தான், திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் ஒரு தடை போட்டது. 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பஸ்களும் கனரக வண்டிகளும் கொடைக்கானல் மலைச்சாலையில் போகக்கூடாது. இது 2024-ம் ஆண்டு நவம்பர் 18-ந்தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. 12 மீட்டர் என்பது ஏறக்குறைய 39 அடி.

39 அடிக்குக் குறைந்த வண்டிகளுக்குக் கவலை இல்லை என்று நினைக்கக்கூடாது. சட்டம் விடுகிற அளவு வேறு. சுகமாகத் திரும்புகிற அளவு வேறு. வேன் அளவுள்ள கேரவன் மலை ஏறலாம். பஸ் அளவுள்ள கேரவனை, மலையில் பழகிய டிரைவர் இல்லாமல் ஏற்றுவது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

நீளம் ஒரு பக்கம் இருக்க, எண்ணிக்கையும் பெரிய பிரச்சினை ஆகிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2024-ம் ஆண்டு மே 7-ந்தேதி முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் "இ-பாஸ்" முறை வந்தது. 2025-ம் ஆண்டு மார்ச் மாதம், நீதிமன்றம் இன்னொரு உத்தரவும் போட்டது. கோடை காலத்தில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள். வார இறுதியில் 6,000 வண்டிகள். அதற்குமேல் அனுமதி இல்லை என்றது. உள்ளூர் மக்களின் வண்டிகளுக்கும் பொதுப் பஸ்களுக்கும் இந்தக் கணக்கில் விலக்கு.

விதிகள் காலத்துக்குக் காலம் மாறும். கிளம்பும் முன் அன்றைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் 21 அடி!

"நம் ஊரில்தான் இப்படித் தடை போடுகிறார்கள்" என்று சிலர் குறைப்பட்டுக்கொள்ளலாம்.

கேரவன் வண்டிகளுக்குப் பேர்போன அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே மான்டானா மாநிலத்தில் "கிளேசியர்" தேசியப் பூங்கா இருக்கிறது. பனி மலைகளுக்கு நடுவே போகும் அதன் ரோடு, 1933-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. "சூரியனை நோக்கிப் போகும் சாலை" என்று அதற்கு அழகான பெயர்.

அந்த ரோட்டின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டி போகக்கூடாது. 8 அடிக்கு மேல் அகலமும் கூடாது. பக்கத்துக் கண்ணாடியையும் சேர்த்து அளக்கிறார்கள்! பெரிய கேரவனில் வருகிறவர்கள் அதை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, பூங்காவின் சிறிய பஸ்களில் ஏறி மலையைப் பார்க்கிறார்கள்.

யூட்டா மாநிலத்தின் "சயான்" பூங்காவில், 1930-ம் ஆண்டில் திறந்த ஒரு மலைச் சுரங்கப்பாதை உண்டு. பெரிய வண்டி வந்தால் அது சுரங்கத்தின் நடுவில்தான் ஓட முடியும். ஆகவே எதிர்ப் போக்குவரத்தை நிறுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் அனுப்பி வந்தார்கள்.

பணக்கார நாடாக இருந்தாலும், மலை மலைதான்!

இறங்கும்போதுதான் ஆபத்து

ஏறும்போது எஞ்சின் முனகும். எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் ஆபத்து இறங்கும்போதுதான் அதிகம்.

பாரமான வண்டி பள்ளத்தில் தானாக ஓடப் பார்க்கும். டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும். கருகிய வாடை வரும். மேலும் மிதித்தால் பிரேக் எண்ணெய் கொதித்துவிடலாம். அப்போது மிதிகட்டை தரை வரை போகும், வண்டி நிற்காது.

இதற்குப் பழைய டிரைவர்கள் சொல்லும் மருந்து ஒன்று உண்டு. எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரிலேயே இறங்கு! கியர் குறைவாக இருந்தால், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். எண்ணெய் மிச்சம் பிடிப்பதாக நினைத்து எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவது மகா தவறு. எஞ்சின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

ஓடும் வீட்டுக்குப் பாரம் இன்னும் அதிகம். தண்ணீர்த் தொட்டியில் 200 லிட்டர் இருந்தால், அது 200 கிலோ. மூன்று ஆட்களின் எடை! அது வளைவுக்கு வளைவு ஆடும். ஆகவே ஏறுமுன் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாத்திரங்களைக் கட்டி வைக்க வேண்டும். கேஸ் சிலிண்டரின் வாயை மூடிவிட வேண்டும். வண்டி ஓடும்போது கட்டிலில் யாரும் படுக்கக்கூடாது. இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும்.

மறக்கக்கூடாத ஒன்று: குளிருக்காக, மூடிய வண்டிக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். அந்த விஷப் புகைக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

யார் வழிவிட வேண்டும்?

ரோடு குறுகிய இடத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறும் வண்டிக்கு முதல் உரிமை. இது நம் நாட்டு மோட்டார் விதி. காரணம் எளிது. ஏறும் வண்டி நின்றால், மறுபடியும் கிளம்புவது கஷ்டம், பின்னால் நழுவும்.

வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். வளைவில் முந்தாதீர்கள். போட்டோ எடுக்க வளைவில் நிறுத்தாதீர்கள். மூடுபனி வந்தால் விளக்கைப் போட்டு மெதுவாகப் போங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால், அகலமான இடத்தில் ஒதுங்கி அவற்றைப் போகவிடுங்கள். செல்போன் காட்டும் குறுக்கு வழியை நம்பிப் பெரிய வண்டியைத் திருப்பாதீர்கள். வண்டியின் நீளம் செல்போனுக்குத் தெரியாது!

குதிரை சொல்லும் பாடம்

திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே சிறுமலை இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள். மலை வாழைப்பழத்துக்குப் பேர்போன இடம்.

அந்த வாழைத்தார்கள் எப்படி வருகின்றன? ரோடு இல்லாத தோட்டங்களிலிருந்து குதிரை சுமந்து வருகிறது. ரோடு வந்ததும் வேனும் லாரியும் வாங்கிக்கொள்கின்றன. குதிரையை யாரும் திண்டுக்கல் சந்தை வரை நடத்துவதில்லை. லாரியை யாரும் தோட்டத்துக்குள் ஓட்டுவதில்லை. வழிக்கு ஏற்ற வாகனம்! சிறுமலை விவசாயிகளுக்கு இது வெகுகாலமாகத் தெரிந்த கணக்கு.

உல்லாசப் பயணிகளுக்கும் அதே கணக்குத்தான். பெரிய கேரவன் சமவெளியில் நிற்கட்டும். திண்டுக்கல்லிலோ வத்தலக்குண்டிலோ, உரிய இடத்தில், அனுமதி கேட்டு நிறுத்திவிட்டு, அரசு பஸ்ஸிலோ சிறிய வாடகை வண்டியிலோ ஏறுங்கள். பஸ் டிரைவர் அந்த வளைவுகளை நாள்தோறும் திரும்புகிறவர். அவர் ஓட்டட்டும். வீட்டில் வண்டி ஓட்டுகிற அப்பாவும், அன்று ஒரு நாளாவது, ஜன்னல் வழியாக அருவியைப் பார்க்கட்டும்!