விளையாட்டுக் கொம்பியூட்டரும் வியாபாரியின் கணக்கும்

வெங்காயத்தில் கிலோவுக்கு ஐந்து ரூபா குறைப்பதற்காகப் புறக்கோட்டையில் ஒரு மணித்தியாலம் நின்று பேசுகின்ற நம்மவர்கள், மகனுக்குக் கொம்பியூட்டர் வாங்கும்போது மட்டும் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். காரணம் எளியது. வெங்காயம் தெரிந்த சரக்கு. கொம்பியூட்டர் தெரியாத சரக்கு. தெரியாத சரக்கில் யாருக்கும் பேரம் பேச வாய் வராது.

வியாபாரப் பத்தியில் கேம் விளையாடும் கொம்பியூட்டரைப் பற்றி ஏன் எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடலாம், எதை விளையாடலாம் என்பது தாய் தகப்பன் தீர்மானிக்க வேண்டிய விடயம். அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் அதற்காகச் செலவாவது வியாபாரத்தில் உழைத்த பணம். அதே மெஷினில்தான் இன்று பலருடைய பிள்ளைகள் வீடியோ எடிட் செய்கிறார்கள், கடைக்கு விளம்பரம் வரைகிறார்கள். ஆகவே இது நமது பத்திக்குரிய விடயமே.

2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350ஐயும் தாண்டிப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமாகியது. கொம்பியூட்டர் உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் டொலரில் இறக்குமதியாகும் சரக்கு. எனவே, இருக்கின்ற மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதற்கு முன்னர், அதில் எந்தப் பாகத்தை மாற்றினால் போதும் என்று பார்ப்பது இன்று மிக அவசியமாகிவிட்டது.

ஓர் உதாரணம்

பாவித்த கொம்பியூட்டர்களையும் உதிரிப்பாகங்களையும் வாங்கி விற்பது எனது தொழில். அக்குறணையைச் சேர்ந்த புடவை வியாபாரி ஒருவர் அண்மையில் மகனுடன் வந்தார். "நானா, போன வருசம்தான் கேமிங் மெஷின் என்டு சொல்லி ஒன்டு எடுத்துக் குடுத்தன். இப்ப அது சரியில்லயாம், புதுசு வேணுமாம்" என்றார். மகன் பேசாமல் நின்றார்.

மெஷினைத் திறந்து பார்த்தேன். டெல் ஒப்டிபிளெக்ஸ் 7050 டவர். வெளிநாட்டில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிய மெஷின். உள்ளே ஐ5-7500 புரொசசர், 8 ஜிபி ரேம் ஒரே துண்டாக, பழைய ஹார்ட் டிஸ்க், ஜிடி 730 என்ற சின்ன கிராபிக்ஸ் கார்ட். முன்பக்கம் சிவப்பும் நீலமுமாக லைட் போட்டிருந்தார்கள். அந்த லைட்தான் அதைக் "கேமிங் மெஷின்" ஆக்கியிருந்தது.

இப்படிப்பட்ட மெஷின்கள் சந்தையில் ஏராளம். மெஷினில் பிழை இல்லை; டெல், எச்பி அலுவலக மெஷின்கள் உறுதியானவை. அதை என்ன பெயர் சொல்லி விற்றார்கள் என்பதில்தான் பிழை இருக்கிறது.

தடை எங்கே இருக்கிறது?

கடையில் ஐந்து சேல்ஸ்மென் நின்றாலும் காசாளர் ஒருவர்தான் என்றால், சனம் காசாளரிடம்தான் தேங்கும். ஆறாவது சேல்ஸ்மெனை எடுப்பதால் வேலை வேகமாகாது. கொம்பியூட்டரும் அப்படித்தான். எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் காசை வெளியே எடுக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சதமும் தேவையில்லை. கேமை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கிராபிக்ஸ் கார்ட் 95 வீதத்துக்கு மேல் நின்றால், தடை கார்டில். கார்ட் 50, 60 வீதத்தில் ஓய்வாக இருக்க, புரொசசர் 100ஐத் தொட்டால், தடை புரொசசரில். மெமரி நிரம்பி, டிஸ்க் 100 வீதத்தில் நின்றால், ரேமும் டிஸ்கும்தான் காரணம். இந்த மெஷினில் கார்ட் முழுமையாகத் திணறியது. மெமரியும் நிரம்பியிருந்தது. புரொசசருக்கு இன்னும் இடம் இருந்தது.

முதலில் பவர் சப்ளை

கார்டைத் தேடிப் போகுமுன் பவர் சப்ளையின் லேபலை வாசியுங்கள். இந்த மெஷினில் இருந்தது 240 வொட். புரொசசருக்கு 65, மதர்போர்ட், டிஸ்க், காற்றாடி எல்லாவற்றுக்கும் ஒரு 50 என்று வைத்துக்கொண்டால், 125 வொட் மீதியுண்டு. முழுவதையும் பிழிந்து எடுக்கக் கூடாது. கொஞ்சம் கையிருப்பு வேண்டும். கிராபிக்ஸ் கார்ட் செருகும் துவாரம் கொடுக்கக்கூடிய உச்ச மின்சாரமும் 75 வொட்தான். ஆகவே தனி வயர் கேட்காத, 75 வொட்டுக்குள் அடங்கும் கார்ட் ஒன்றே இதற்குப் பொருத்தம்.

பெரிய கார்ட் வேண்டுமென்றால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும். இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. டெல், எச்பி அலுவலக மெஷின்கள் பலவற்றில் சந்தையில் கிடைக்கும் சாதாரண 24 பின் பிளக் பொருந்தாது. அவை தங்களது சொந்த பிளக்கை வைத்திருக்கின்றன. மாற்று வயர் வாங்க வேண்டும், பெட்டிக்குள் இடம் பார்க்க வேண்டும்.

சிலர் குறுக்கு வழியாக, டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து கார்டுக்கு 6 பின் பிளக் இழுத்துக் கொடுக்கிறார்கள். இதை நான் ஒருபோதும் செய்து கொடுப்பதில்லை. அந்த சாட்டா பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வொட் மட்டுமே. 6 பின் கார்ட் 75 வரை இழுக்கலாம். பிளக் சூடாகி உருகினால் நட்டம் கார்டோடு நிற்காது. பிள்ளை தூங்கும் அறையில் நெருப்புக்கு இடம் வைக்கக் கூடாது.

எந்தக் கார்ட்?

75 வொட்டுக்குள் சந்தையில் அதிகம் பேசப்படுபவை நான்கு. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 2016இல் வந்தது, மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தத் தலைமுறைக் கார்ட்களுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. ஜிடிஎக்ஸ் 1650 2019இல் வந்தது. பாவித்ததாக எடுப்பவர்களுக்கு நல்ல தெரிவு. ஆனால் சில தயாரிப்புகள் 6 பின் வயர் கேட்கும், கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 2024 பெப்ரவரியில் வந்தது. 70 வொட் போதும். புதிதாக வாங்க வசதியுள்ளவர்களுக்கு இதுவே மேல்.

நான்காவது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400. 53 வொட் மட்டுமே எடுக்கும் என்பதால் ஆசை வரும். ஆனால் அது நான்கு பாதைகளில் மட்டும் மதர்போர்டுடன் பேசுகிற கார்ட். புதிய மதர்போர்டில் பரவாயில்லை. இந்த மாதிரிப் பழைய மதர்போர்டில் பாதையின் வேகம் பாதியாகிவிடும். வீடியோ எடிட் செய்பவர்களுக்கு உதவும் என்கோடரும் அதில் கிடையாது.

வாங்குமுன் பெட்டிக்குள் கார்டுக்கான நீளத்தை அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். ஒல்லியான சிறிய பெட்டியென்றால் லோ புரொஃபைல் என்ற குட்டைக் கார்ட்தான் உள்ளே போகும்.

ரேம், டிஸ்க், புரொசசர்

8 ஜிபி ஒரே துண்டாக இருந்தால், அதற்கு ஜோடியாக இன்னொரு 8 ஜிபி போடுவது நல்ல இலாபம். இரண்டு துண்டு போடும்போது அளவு மட்டுமல்ல, இரண்டு வழியாக ஒரே நேரத்தில் வேலை நடக்கும். டிடிஆர் 3, 4, 5 என்பவை ஒன்றுக்கொன்று பொருந்தா. இந்த மெஷின் 2400 வேகத்துக்கு மேல் ஓடாது. 3200 என்று எழுதிய ரேமைப் போட்டாலும் 2400இல்தான் ஓடும். அதற்கென்று மேலதிகக் காசு கொடுக்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் மெஷின் வேகமாக எழும்பும், கேம் சீக்கிரம் திறக்கும். ஆனால் ஓடுகிற கேமின் படவேகம் அதனால் பெரிதாகக் கூடாது. அதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

புரொசசரை ஐ7-7700ஆக மாற்றச் சொல்லி இவருக்கு யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். நான் வேண்டாமென்றேன். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசொஃப்ட் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. இரண்டு புரொசசரும் ஏழாம் தலைமுறை. சரி, எட்டாம் தலைமுறையைப் போடலாமா என்றால், சொக்கெட் ஒரே மாதிரித் தெரிந்தாலும் இந்த மதர்போர்ட் அதை ஏற்காது. இந்த விடயம் தெரியாமல் காசைக் கரைத்தவர்கள் பலர்.

அடுத்த மெஷினுக்கும் கூட வருமா?

என்னுடைய அளவுகோல் ஒன்றுதான். இன்று வாங்கும் பாகம் அடுத்த மெஷினுக்கும் கூட வருமா? கார்ட் வரும். எஸ்எஸ்டி வரும். ஆகவே அவற்றில் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யலாம். பழைய ரேமும் பழைய சொக்கெட் புரொசசரும் பெரும்பாலும் வரா. அவற்றைப் பாவித்ததாக, மலிவாக எடுக்க வேண்டும். இல்லையேல் விட்டுவிட வேண்டும். பவர் சப்ளை, மதர்போர்ட், புரொசசர், ரேம் நான்கையும் மாற்ற வேண்டிய நிலை என்றால், அதை மேம்படுத்தல் என்று சொல்ல முடியாது. அது புது மெஷின். அப்போது பழையதை முழுதாக விற்றுவிட்டுப் புதியதற்குப் போவதே புத்தி.

அந்தப் பிள்ளைக்கு வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 பாவித்தது ஒன்று, 8 ஜிபி ரேம் துண்டு ஒன்று, எஸ்எஸ்டி ஒன்று போட்டுக் கொடுத்தேன். புது மெஷினுக்கு அவர்கள் எடுத்து வந்த விலைப்பட்டியலின் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்தது. விண்டோஸ் விடயத்தையும் மறைக்கவில்லை. "இன்னும் கொஞ்ச காலத்தில மதர்போர்டுக்கும் புரொசசருக்கும் காசு சேர்க்க வேண்டி வரும் தம்பி, இந்தக் கார்டைக் கழற்றி அதில போடலாம்" என்று மகனிடமே சொன்னேன்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

2022 செப்டெம்பர் 15இல் எத்தீரியம் நாணயம் தனது முறையை மாற்றியதோடு, அதுவரை இரவு பகலாக அதற்கு ஓடிய கிராபிக்ஸ் கார்ட்கள் உலகச் சந்தையில் வந்து குவிந்தன. அவையெல்லாம் பழுதானவை அல்ல. ஆனால் காற்றாடி தேய்ந்திருக்கலாம், வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். அதைவிட மோசம், மிகப் பழைய கார்ட் ஒன்றின் பயோஸை மாற்றி, 1050 டிஐ என்று காட்ட வைத்து விற்பது. ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்டவற்றில் பலவற்றைப் போலி என்றே எழுதிக் காட்டிவிடும். வாங்குபவர்கள் அதை ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அரை மணித்தியாலம் கனமான கேம் ஒன்றை ஓடவிட்டு, சூட்டையும் காற்றாடிச் சத்தத்தையும் திரையில் புள்ளி, கோடு விழுகிறதா என்பதையும் பாருங்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதும், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டதும் நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்ட சம்பவம். கார்டின் ஈரத்தையும் மேலே வைப்போம். இது மைனிங்கில் ஓடியது, இத்தனை நாள்தான் உத்தரவாதம் என்று பில்லிலேயே எழுதிக் கொடுப்போம். விலை கொஞ்சம் குறையும். ஆனால் அந்தப் பில்லை எடுத்துக்கொண்டு நாளை ஒருவர் கடைக்கு வந்து நின்றால், அவருடைய முகத்தைப் பார்த்துப் பேச நமக்குத் தயக்கம் இருக்காது.

வாங்கப் போகிறவர்கள் ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: மெஷினின் மாடல், பவர் சப்ளையின் வொட், ரேமின் வகை, பெட்டிக்குள் இருக்கும் இடத்தின் நீளம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும், அந்தத் தாளைக் காட்டிய பிறகு விலை பேசுங்கள். சரக்குத் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று கடைக்காரருக்கு விளங்கிவிடும்.